வேலை காட்டிய ஊர், விலை காட்டும் ஊர்

லண்டனுக்கு மேற்கே 77 மைலில் இருக்கிறது ஸ்விண்டன். ரயில் நிலையத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால், கல்லில் கட்டிய சிறு வீடுகள் தெருத்தெருவாக ஒட்டி நிற்பதைப் பார்க்கலாம். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ முந்நூறு. கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே கம்பெனி தன் இன்ஜின் பட்டறைத் தொழிலாளர்களுக்காக 1840களில் கட்டத் தொடங்கியவை இவை. ரயில் போய்ச்சேரும் ஊர்களின் பெயர்களையே தெருக்களுக்கு வைத்தார்கள்: பிரிஸ்டல், எக்ஸிட்டர், டான்டன், ரெடிங், லண்டன். வாசலில் நாலடித் தோட்டம், கொல்லையில் சிறு முற்றம், அதற்குப் பின்னால் சந்து.

இந்த வீடுகளுக்குக் குடிவந்தவர்கள் ஊரைத் தேர்ந்தெடுத்து வந்தவர்கள் அல்ல. பட்டறையில் வேலை கிடைத்தது, வேலை இருந்த இடத்தில் வீடு இருந்தது, அவ்வளவுதான். 1847இல் தொடங்கிய மருத்துவ நிதிக்குக் கூலியில் சிறு தொகை பிடித்துக்கொண்டார்கள். அதிலிருந்து டாக்டரும் மருந்தும், பிற்பாடு மருத்துவமனையும் நீச்சல் குளமும்கூடக் கிடைத்தன. படிக்க நூலகம் இருந்தது. ஆண்டுக்கொரு முறை, ஜூலையில், குடும்பத்தோடு கடற்கரைக்குப் போய்வரக் கம்பெனியே இலவச ரயில் விட்டது. காலையில் பட்டறைச் சங்கு ஊதினால் ஊரே எழுந்தது. உச்ச காலத்தில் அங்கே வேலை செய்தவர்கள் சுமார் 14 ஆயிரம் பேர். தகப்பன் வேலை செய்த கொட்டகையில் மகனும் வேலைக்குச் சேருவது ஏறக்குறைய வழக்கமாகவே இருந்தது.

அந்த வாழ்க்கையை இன்று பொன்னாக்கிக் காட்டுவது சுலபம். ஆரம்ப ஆண்டுகளில் இதே வீடுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் நெருக்கியடித்து இருந்தன; தொற்றுநோய்கள் வந்தன. கம்பெனி சொன்னதுதான் சட்டம். பட்டறை மகனுக்கு வழி வைத்திருந்தது. மகளுக்கு வைத்திருந்த வழி குறுகலானது. ஆனாலும் எங்கே வாழ்வது என்ற கேள்வி ஒரு மனிதனின் தூக்கத்தைக் கெடுக்கவில்லை. அதற்கான விடையைக் கம்பெனி ஏற்கெனவே கல்லில் கட்டிவைத்திருந்தது.

பட்டறை 1986 மார்ச்சில் மூடப்பட்டது. 1997இல் அதன் கொட்டகைகள் தள்ளுபடி விலைக் கடைகளாக மாறின. 2000இல் ஒரு பகுதி ரயில்வே அருங்காட்சியகமானது. 2005இல், பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் நேஷனல் ட்ரஸ்ட் தன் தலைமை அலுவலகத்தை அந்த வளாகத்துக்கே கொண்டுவந்தது. குடியிருப்பிலிருந்து தண்டவாளங்களுக்கு அடியில் போகும் நடைச் சுரங்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. மதியச் சாப்பாட்டைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு பட்டறைத் தொழிலாளர்கள் போன வழி அது. இன்று அதே வழியாக ஜனங்கள் காலணி வாங்கப் போகிறார்கள்.

ஸ்விண்டனுக்கு இன்றும் புதிய குடும்பங்கள் வருகின்றன. 2021 கணக்கெடுப்பில் ஸ்விண்டன் பரோவில் 2 லட்சத்து 33 ஆயிரம் பேர். ஆனால் வரும் காரணம் வேறு. ரெடிங்கில் கட்டுப்படியாகாத வீடு டிட்கோட்டில் கட்டுப்படியாகுமா, அங்கும் இல்லையென்றால் ஸ்விண்டனிலாவது ஆகுமா என்று ரயில் பாதையை ஒட்டியே விலையைத் தேடிக்கொண்டு வருகிறார்கள். 1976இல் மணிக்கு 125 மைல் வேக ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, லண்டனும் ஸ்விண்டனும் ஒரு மணி நேரத் தூரத்துக்குள் வந்துவிட்டன. ரயில் பெட்டி செய்த ஊர், ரயிலில் ஏறி வேறு ஊருக்கு வேலைக்குப் போகிறவர்கள் இரவில் தூங்கும் ஊராகவும் ஆகியிருக்கிறது.

இன்று ஒரு தம்பதி வீடு தேடும் விதத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் வியப்பாக இருக்கும். வீட்டு வாசலை மிதிப்பதற்கு முன்பே அதைப் பற்றி அவர்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. ரைட்மூவ் என்ற வீட்டு விற்பனைத் தளத்தில் படங்களும் அறைகளின் அளவும். நிலப் பதிவேட்டில் 1995 முதல் அந்த வீடு எத்தனை முறை, என்ன விலைக்குக் கைமாறியது என்ற கணக்கு. வெப்பத்தை எவ்வளவு காக்கிறது என்று ஏ முதல் ஜி வரை ஒரு தரச் சான்று. ஆற்று வெள்ளம் வருமா என்று அரசின் வரைபடம். 2007 ஜூலையில் ட்யூக்ஸ்பரியைச் சுற்றி நீர் சூழ்ந்ததைப் பார்த்தவர்கள் இதை முதலில் திறக்கிறார்கள். அந்தத் தெருவின் பக்கம் மாதவாரியாக என்னென்ன குற்றங்கள் பதிவாயின என்பதைப் போலீஸின் தளம் சொல்கிறது. இணைய வேகம், பள்ளியின் ஆய்வறிக்கை, நிலையத்துக்கு நடக்கும் நிமிடம் என எல்லாவற்றையும் போஸ்ட்கோட் வாரியாகக் கட்டம் போட்டு நிரப்பி, மதிப்பெண் போட்டுக் கூட்டுகிறார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இதே இடத்தில் இருந்தவை உள்ளூர்ப் பத்திரிகையும், தரகர் கடையின் கண்ணாடியில் ஒட்டிய சீட்டுகளும், மைத்துனன் சொன்ன ஒரு சொல்லும்தான். அன்று ஏமாந்தவர்கள் நிறைய இருந்திருப்பார்கள். இன்று ஏமாறுவது கடினம். அது சிறிய லாபம் அல்ல.

கட்டங்கள் எல்லாம் நிரம்பிய பிறகு, விலை என்ற ஒரே கட்டம் மற்றவற்றை அழித்துவிடுகிறது. இங்கிலாந்தில் 1997இல் ஒரு நடுத்தர வீட்டின் விலை, முழுநேர ஊழியர் ஒருவரின் ஆண்டு ஊதியத்தைப் போல் மூன்றரை மடங்காக இருந்தது. 2021இல் அது ஒன்பது மடங்கு. பிறகு சற்று இறங்கியிருக்கிறது என்றாலும், பழைய நிலைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன், வீட்டுக் கடன் தரும் பில்டிங் சொசைட்டியின் மேலாளர் கணவனின் சம்பளத்தைப் போல் இரண்டரை அல்லது மூன்று மடங்கு கடன் கொடுத்தார். மனைவியின் சம்பளத்தைப் பெரும்பாலும் கணக்கில் எடுத்ததே இல்லை. 1975இல் பாலினப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் வரும்வரை, தனியாகச் சம்பாதிக்கும் பெண்ணிடம் ஆண் ஜாமீன் கேட்பதும் நடந்தது. இன்று இருவர் சம்பளத்தையும் கூட்டி, அதைப் போல் நாலரை மடங்குவரை சாதாரணமாகக் கொடுக்கிறார்கள். இரண்டு பேர் உழைப்பை அடகு வைத்தும், அன்று ஒருவர் சம்பளத்தில் வாங்கிய மூன்று அறை வீடு எட்டாமல் போகிறது. பெண்ணின் வருமானத்துக்கு மதிப்பு கிடைத்தது நியாயம். அந்த நியாயத்தின் பலனை வீட்டு விலை விழுங்கிக்கொண்டதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கம்பெனிக்குப் பிறகு ஊரைக் காட்டும் வேலையை அரசு எடுத்துக்கொண்ட ஒரு காலமும் இருந்தது. குண்டுவீச்சில் பல பகுதிகள் இடிந்து நின்ற லண்டனிலிருந்து மக்களை வெளியே குடியமர்த்த 1946இல் புதிய நகரங்கள் சட்டம் வந்தது. அதன்படி முதலில் அறிவிக்கப்பட்டது லண்டனுக்கு வடக்கே உள்ள ஸ்டீவனேஜ். அப்போது அங்கே இருந்தவர்கள் ஏழாயிரத்துக்கும் குறைவு. 60 ஆயிரம் பேருக்குத் திட்டம். ஊர்க்காரர்கள் கொதித்தார்கள். விளக்கம் சொல்ல வந்த அமைச்சர் லூயிஸ் சில்கினின் காரில் டயர்க் காற்றை இறக்கிவிட்டார்கள்; நிலையத்தின் பெயர்ப்பலகையில் ‘சில்கின்கிராட்’ என்று எழுதி மாட்டினார்கள். சிறுவயதில் அங்கே ஒரு வீட்டில் வாழ்ந்து, அந்த வீட்டை மனதில் வைத்து ‘ஹோவர்ட்ஸ் எண்ட்’ நாவலை எழுதிய இ.எம். ஃபார்ஸ்டரும் எதிர்த்தார்.

ஆனால் லண்டனில் ஒற்றை அறையில், மாமியார் வீட்டு மாடியில், பொதுக் கழிப்பறைக்கு வரிசையில் நின்ற இளம் தம்பதிக்கு ஸ்டீவனேஜ் வேறு மாதிரித் தெரிந்தது. அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தால், அரசு அமைத்த வளர்ச்சிக் கழகம் வாடகைக்கு வீடு கொடுத்தது. நகரத்தைக் கட்ட வந்த கொத்தனார், தச்சர்களுக்கே முதல் வீடுகள் பல போயின. குளியலறை, வெந்நீர்க் குழாய், பின்னால் தோட்டம். தெரு முடியும் இடத்தில் தொடக்கப்பள்ளி, நடக்கும் தூரத்தில் கடைகள், வேலைக்குப் போகத் தனி சைக்கிள் பாதை. 1959இல் வண்டிகளே நுழையாத கடைவீதியை அரசி திறந்துவைத்தார். இந்த இடத்தை யாரும் வரைபடத்தில் ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. சாவியைக் கையில் கொடுத்தார்கள்; வந்தார்கள். அம்மாவும் அக்காவும் லண்டனிலேயே இருக்க, பகல் முழுவதும் சேறும் சிமென்ட்டுமான தெருவில் குழந்தையோடு தனித்திருந்த பெண்களின் சோர்வுக்குப் பத்திரிகைகள் ஒரு பெயரே வைத்தன. அந்தத் தனிமையும் கணக்கில் வரவேண்டியதுதான்.

இன்று ஸ்டீவனேஜில் ஏறத்தாழ 90 ஆயிரம் பேர். கழகம் கட்டிய வீடுகள் பிறகு கவுன்சிலுக்கு வந்தன; 1980 சட்டம் தந்த உரிமையில் குடியிருந்தவர்கள் பலர் தள்ளுபடி விலையில் அவற்றை வாங்கினார்கள். இங்கிலாந்து முழுவதும் இப்படி விற்ற வீடுகள் இருபது லட்சத்தை ஒட்டி வரும். வாங்கிய குடும்பத்துக்கு அது வாழ்நாள் பேறு. வாடகைக்கே இருந்து சாகவேண்டும் என்ற விதியிலிருந்து விடுதலை. விற்றதற்கு ஈடாகப் புதிய வீடுகளைக் கட்டாததால், அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கச் சாவி இல்லை. தாத்தாவுக்கு வேலையோடு கிடைத்த அதே மாதிரி வீட்டைப் பேத்தி தனியாரிடம் வாடகைக்கு எடுக்கிறாள். வீட்டுக்காரர் வீட்டை விற்க நினைத்தால் காலிசெய்ய வேண்டியிருக்குமே என்ற பயத்தோடு பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கிறாள்.

எங்கே வாழலாம் என்பதைவிட எங்கே வாழக் கூடாது என்று சொன்ன கைகளும் அன்று இருந்தன. ஆக்ஸ்போர்டின் வடக்கே கட்டஸ்லோவில், கவுன்சில் வீட்டுக்காரர்கள் தங்கள் தெரு வழியாக நடக்கக் கூடாதென்று ஒரு தனியார் கம்பெனி 1934இல் சாலைகளுக்குக் குறுக்கே இரண்டு சுவர்கள் எழுப்பியது. ஆளுயரத்துக்கு மேல் செங்கல், அதன்மேல் கூரான கம்பிகள். பஸ் பிடிக்கவும் கடைக்குப் போகவும் அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் கால் நூற்றாண்டு காலம் சுற்றிக்கொண்டு நடந்தன. 1959இல்தான் நகராட்சி அந்த நிலத்தை வாங்கி இடித்தது. சுவர் நின்ற இடத்தில் சாலை இன்று தடையின்றி ஓடுகிறது. பெயர் மட்டும் பாதியில் மாறுகிறது, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

நிறத்தைச் சொல்லி வாடகைக்கு மறுப்பதை 1968 சட்டம்தான் சட்டவிரோதமாக்கியது. அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, இடி அமீன் விரட்டிய உகாண்டா ஆசியர்கள் பிரிட்டனுக்கு வந்தபோது, எங்கள் ஊரில் வீடும் பள்ளியும் நிரம்பிவிட்டன, இங்கே வராதீர்கள் என்று லெஸ்டர் நகராட்சி உகாண்டா பத்திரிகையில் விளம்பரமே கொடுத்தது. அகதிகளைக் குடியமர்த்த அமைத்த வாரியமும் ஊர்களைப் போகக் கூடாத சிவப்பு, போகலாம் என்ற பச்சை என்று பிரித்தது, லெஸ்டர் சிவப்பு. ஆனாலும் அந்த அகதிகளில் பல ஆயிரம் பேர் அங்கேயே போனார்கள். சித்தப்பா இருந்தார், பின்னலாடை ஆலையில் வேலை இருந்தது, பெல்கிரேவ் பகுதியில் மலிவாகப் பழைய வரிசை வீடுகள் கிடைத்தன. இந்தக் கட்டுரையில் வரும் அத்தனை பேரிலும் உண்மையாக ஊரைத் தேர்ந்தெடுத்தவர்கள் இவர்களே என்று எனக்குத் தோன்றுகிறது. 2021 கணக்கெடுப்பில் லெஸ்டர் மக்களில் நூற்றுக்கு 43 பேர் ஆசிய வம்சாவளியினர். அந்த பெல்கிரேவ் சாலையில் தீபாவளி நகரத்தின் பெருவிழா.

1983க்குப் பிறகு வந்த ஈழத் தமிழர்களும் இதே வழியில்தான் இடம் பிடித்தார்கள். ஈஸ்ட்ஹாம், டூட்டிங், வெம்பிளி, ஹாரோ என்று உறவினர் இருந்த தெருவுக்குப் பக்கத்துத் தெரு, அரிசியும் கறிவேப்பிலையும் கிடைக்கும் கடை, வெள்ளிக்கிழமை போக ஒரு கோயில். பிள்ளைகள் தலைமுறை கேட்கும் கேள்வி வேறு. ஸ்லவ், ரெடிங், பக்கிங்ஹாம்ஷர் பக்கம் வீடு தேடுகிறவர்கள், பதினோரு வயதில் பரீட்சை எழுதிச் சேரும் கிராமர் ஸ்கூல்களை மனதில் வைத்தே பெரும்பாலும் தேடுகிறார்கள். பரீட்சை இல்லாத பள்ளியானால், கதவிலிருந்து வீட்டுக்கு எத்தனை மீட்டர் என்று கவுன்சில் அளக்கிறது. நல்ல அரசுப் பள்ளிக்குக் கட்டணம் கிடையாது. அதைப் பக்கத்துத் தெருவின் வீட்டு விலையில் சேர்த்து வாங்கிக்கொள்கிறார்கள்.

2020க்குப் பிறகு தூரத்தின் கணக்கும் மாறியது. வாரத்தில் ஐந்து நாளும் லண்டன் போனவர்களில் பலர் இப்போது இரண்டு மூன்று நாள் போகிறார்கள். இரண்டு நாளைக்கு ஒன்றரை மணி நேரப் பயணத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று இன்னும் தள்ளிப் பார்க்கிறார்கள். தேடும் எல்லை விரிந்ததும் அந்த ஊர்களின் விலையும் ஏறியது. அங்கேயே பிறந்து, அங்கேயே வேலை பார்க்கும் நர்ஸும் பஸ் டிரைவரும் அடுத்த ஊரைப் பார்க்கப் போகிறார்கள்.

2025 செப்டம்பரில் அரசு அமைத்த குழு, புதிய நகரங்களுக்கென மீண்டும் 12 இடங்களைப் பரிந்துரைத்தது. அவற்றில் ஒன்று பெட்ஃபோர்ட்ஷரில் உள்ள டெம்ஸ்ஃபோர்ட். சில நூறு பேர் வாழும் கிராமம். வடக்கே போகும் பழைய ரயில் பாதையும், ஆக்ஸ்போர்டையும் கேம்பிரிட்ஜையும் இணைக்கப்போகும் புதிய பாதையும் சந்திக்கும் இடம். 1946இல் ஸ்டீவனேஜ்காரர்களிடமிருந்து எழுந்த எதிர்ப்பு அங்கேயும் எழுகிறது, அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் ஸ்டீவனேஜில் வீட்டைக் கட்டியதும் வாடகைக்கு விட்டதும் பொது நிறுவனம். முதல் வீடுகள் பல அவற்றைக் கட்டியவர்களுக்கே போயின. டெம்ஸ்ஃபோர்டில் எத்தனை வீடு என்று பேசுவதற்கு முன், அவற்றில் எத்தனை அப்படிப்பட்ட வாடகை வீடு என்பதைக் கேட்டு வாங்க வேண்டும்.