விரைவுக்கு ஒரு வரம்பு

பாடங்களையும் படங்களையும் இணையத்தின் வழியே நமக்கு அனுப்பும் கணினிக்குச் சர்வர் என்று பெயர். அது எவ்வளவு விரைவாக அனுப்புகிறதோ அவ்வளவு நன்று என்று நினைப்பது இயல்பே. ஆனால் அவ்விரைவுக்கு ஒரு வரம்பு கட்டினால்தான் பலருக்கும் பணி தடையின்றி நடக்கும். ‘டிராஃபிக் ஷேப்பிங்’ எனப்படும் அம்முறையை இன்று விளக்க விரும்புகிறேன்.

வரம்பின்மையின் விளைவை 1986ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அமெரிக்கா கண்டது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்திற்கும் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திற்கும் இடைத்தொலைவு ஏறத்தாழ 400 கெஜமே. அவற்றிடையே விநாடிக்கு 32,000 பிட் அளவில் சென்ற செய்தி, 40 பிட்டாகச் சுருங்கிற்று. காரணம் என்ன? கணினிகள் அளவின்றி அனுப்பிய செய்திப் பொட்டலங்கள் வழியில் தேங்கின. இடமின்றிப் பல வீழ்ந்தன. மறுமொழி வராமையால், கணினிகள் அவற்றையே மீண்டும் மீண்டும் அனுப்பின. நெரிசல் நெரிசலைப் பெருக்கிற்று. நெரிசலைக் கண்டதும் கணினி தானே வேகத்தைத் தணித்துக்கொள்ளும் வழியை, வான் ஜேக்கப்சனும் மைக்கேல் கேரல்சும் 1988இல் எழுதிய கட்டுரையில் விளக்கினர்.

எனினும், எது முதலில் செல்லவேண்டும் என்பதை அவ்வழி அறியாது. ஒரு கல்லூரியின் சர்வர், தன் கோப்புகளின் பெரும் பிரதியொன்றை வெளியூருக்கு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே வேளையில் ஒரு மாணவி தேர்வு விண்ணப்பத்தைத் திறக்கிறாள். இன்றே கடைசி நாள். பிரதி நாளைக்குப் போனாலும் குற்றமில்லை, விண்ணப்பம் அப்படியன்று.

இங்கேதான் வரம்பு உதவுகிறது. ஒரு வாளியில் விநாடிதோறும் 10 லட்சம் வில்லைகள் விழுவதாகக் கொள்ளுங்கள். ஒரு பைட் வெளியேற ஒரு வில்லை வேண்டும். வாளி 20 லட்சம் கொள்ளும், மிகுந்தவை வழிந்துபோகும். வாளி நிறைந்திருக்கையில் 50 லட்சம் பைட் கோப்பு வந்தால், 20 லட்சம் உடனே செல்லும்; எஞ்சியது ஏறக்குறைய 3 விநாடியில் வெளியேறும். சிறிய பக்கம் காத்திராமலே செல்லும். பெருங்கோப்போ அளவோடு நடக்கும். மிகுந்த பொட்டலங்கள் எறியப்படுவதில்லை, நிறுத்திவைக்கப்படுகின்றன. லினக்ஸ் கணினிகளில் ‘டிசி’ என்னும் கருவி இதனைச் செய்கிறது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. இணைப்பின் கொள்ளளவு விநாடிக்கு 20 மெகாபிட் எனில், வரம்பை 19 என்று சற்றே குறைத்து வைக்கவேண்டும். அப்போது வரிசை வெளியில் எங்கோ நில்லாமல் நம் சர்வருக்குள்ளேயே நிற்கும். நம்மிடம் நிற்கும் வரிசையைத்தான் நாம் ஒழுங்கு செய்ய இயலும். விண்ணப்பத்தை முன்னும் பிரதியைப் பின்னும் அனுப்பலாம். பள்ளி விட்டதும் சிறு பிள்ளைகளை முதலில் விட்டு, வகுப்பு வகுப்பாக வாயிலுக்கு அனுப்பும் ஆசிரியர் எவருடைய நேரத்தையும் வீணாக்குவதில்லை அன்றோ?

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம், கொரோனாத் தொற்றால் ஐரோப்பிய மக்கள் வீடுகளில் அடங்கியிருந்தபோது, நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் அங்கே தன் படங்களுக்கான இணையச் சுமையை ஏறத்தாழ 25 விழுக்காடு குறைக்க முன்வந்தது. கையாண்ட முறை வேறு, கருத்து ஒன்றே. பொதுவழியில் செல்பவன் தன் வேகத்தைத் தானே அளந்துகொண்டால், பின்னால் வருபவனுக்கும் வழி கிடைக்கும்.