ஓர் எண்ணுக்காக நாற்பது ஆண்டுகள்

ஆனி மாதத்தில் இரவு பத்து மணி வாக்கில் கோவையிலோ ஈரோட்டிலோ நின்று அண்ணாந்து பார்த்தால், சுவாதி நட்சத்திரம் உச்சியைக் கடந்து மேற்கே சாய்ந்திருக்கும். அந்த நேரத்தில் நேர் உச்சியில், சர்ப்ப மண்டலத்தின் தலைப்பகுதியில், வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி இருக்கிறது. அதன் பெயர் பிஜி 1553+113. ஓரளவு பெரிய தொலைநோக்கியில் பார்த்தால் மங்கலான விண்மீன் என்றே நினைப்போம். உண்மையில் அது ஒரு பிளேசர். ஒரு கேலக்ஸியின் நடுவிலுள்ள மாபெரும் கருந்துளை, தன்னைச் சுற்றி விழும் பொருளில் ஒரு பகுதியை ஒளியின் வேகத்தை நெருங்கும் வேகத்தில் தாரையாகப் பீய்ச்சுகிறது. அந்தத் தாரை பூமியை நோக்கி நீண்டிருந்தால் அது பிளேசர். கண்ணுக்குத் தெரியும் ஒளித்துகளைவிடப் பல ஆயிரம் கோடி மடங்கு ஆற்றல் கொண்ட காமா கதிர்கள் அங்கிருந்து நமக்கு வந்து சேருகின்றன.

அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின.

கேலக்ஸியின் தூரத்தை வழக்கமாக அதன் நிறமாலையில் இருந்துதான் கணிக்கிறார்கள். ஹைட்ரஜன், ஆக்சிஜன் போன்ற தனிமங்கள் குறிப்பிட்ட அலைநீளங்களில் கோடுகள் இடும். பிரபஞ்சம் விரிவதால், தொலைவிலிருந்து வரும் ஒளியின் அலைநீளம் வழியிலேயே நீண்டு, கோடுகள் சிவப்புப் பக்கம் நகர்ந்துவிடும். எவ்வளவு நகர்ந்தன என்பதே செம்பெயர்ச்சி. அது தெரிந்தால் தூரம் தெரியும். பிஜி 1553+113 இந்த வழியை அடைத்துவிட்டது. தாரையின் வெளிச்சம் அத்தனை கோடுகளையும் மூழ்கடித்துவிடுகிறது. நிறமாலை வழவழவென்று, ஒரு மேடு பள்ளம் இல்லாமல் வருகிறது.

1983இல் ஒரு புறஊதா நிறமாலையில் ஹைட்ரஜனின் கோடு ஒன்று தெரிவதாகச் சொல்லி, செம்பெயர்ச்சி 0.36 என்று அறிவித்தார்கள். பிறகு எடுத்த நிறமாலைகளில் எந்தக் கோடும் தென்படவில்லை. முதலில் கண்ட கோடே மெய்யானதல்ல என்றாயிற்று. ஆனாலும் 0.36 என்ற எண் விண்பொருள் பட்டியல்களில் நெடுநாள் நீடித்தது. பட்டியலில் ஏறிவிட்ட எண்ணை இறக்குவது கடினம். அடுத்து வருபவர் அதை அப்படியே எடுத்தாள்கிறார்; ஒவ்வொரு கட்டுரையிலும் அது இன்னும் கொஞ்சம் உறுதியானதாகத் தோன்றத் தொடங்குகிறது.

இந்த வகைப் பொருள்களுக்கெல்லாம் பெயர் தந்த பிஎல் லாசெர்ட்டேவின் தூரத்தை 1974இல் ஓக், கன் இருவரும் ஒரு தந்திரத்தால் அளந்தார்கள். பிரகாசமான நடுப்பகுதியை மறைத்துவிட்டு, சுற்றியுள்ள கேலக்ஸியின் மங்கிய ஒளியை மட்டும் நிறமாலையாகப் பிரித்தார்கள். நம் பிளேசரிடம் அது பலிக்கவில்லை. ஹப்பிள் தொலைநோக்கியின் படங்களில்கூட அதைச் சுற்றி ஒரு கேலக்ஸி தென்படவில்லை.

அடுத்த தடயம் காமா கதிரிலிருந்தே வந்தது. நமீபியாவிலுள்ள ஹெஸ் தொலைநோக்கிகளும், கேனரித் தீவுகளில் ஒன்றான லா பால்மாவிலுள்ள மேஜிக் தொலைநோக்கியும் இந்தப் பிளேசரை மிக உயர் ஆற்றல் காமா கதிர்களில் கண்டறிந்தன. விண்மீன்கள் காலங்காலமாகச் சிந்திய ஒளி விண்வெளியெங்கும் பரவிக் கிடக்கிறது. உயர் ஆற்றல் காமா துகள் அந்த ஒளித்துகளோடு மோதினால் இரண்டும் மறைந்து ஓர் எலக்ட்ரானும் ஒரு பாசிட்ரானும் பிறக்கும். தூரம் கூடக்கூட இந்த இழப்பும் கூடும். அதுவும் ஆற்றல் மிகுந்த துகள்களுக்கே இழப்பு அதிகம். ஆக, வந்து சேர்ந்த காமா கதிர்களின் கணக்கைப் பார்த்து, இதற்கு மேல் தூரம் இருக்க முடியாது என்று ஓர் உச்ச வரம்பு போடலாம். ஹெஸ் குழு 2006இல் போட்ட வரம்பு 0.74. தாரையில் இருந்து எத்தகைய கதிர் புறப்பட்டிருக்கும் என்ற ஊகம் இந்தக் கணக்குக்கு அடியில் இருக்கிறது. அதனால்தான் இதை மட்டும் நம்பித் தூரத்தை முடிவு செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் வேறொரு வழியில் கிடைத்த அளவோடு ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல துணை இல்லை.

வேறொரு வழி 2009இல் திறந்தது. அந்த ஆண்டு மே மாதம் விண்வெளி வீரர்கள் ஹப்பிளில் புதிய புறஊதா நிறமாலைக் கருவி ஒன்றைப் பொருத்தினார்கள். பிளேசருக்கும் நமக்கும் இடையே ஹைட்ரஜன் மேகங்கள் நிறைய உண்டு. ஒவ்வொரு மேகமும் தன் வழியே போகும் ஒளியில் 121.6 நானோமீட்டர் அலைநீளத்தை உறிஞ்சி, ஒரு கறுப்புக் கோட்டை விட்டுவைக்கும். மேகம் எவ்வளவு தொலைவோ அவ்வளவு அந்தக் கோடு நகர்ந்து தெரியும். சரக்கு லாரியின் ரசீதில் வழியிலுள்ள சோதனைச் சாவடிகள் குத்திய முத்திரைகளைப் போன்றவை இந்தக் கோடுகள். லாரி எந்த ஊரிலிருந்து கிளம்பியது என்று எழுதியிராவிட்டாலும், மிகத் தொலைவான சாவடியின் முத்திரையைப் பார்த்தால் அதற்கும் அப்பாலிருந்துதான் வந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

சார்ல்ஸ் டான்ஃபோர்த் குழு 2010இல் வெளியிட்ட முடிவு இதுதான்: 0.395இல் ஐயத்துக்கு இடமில்லாத ஒரு மேகம், 0.43ஐ ஒட்டி மெலிந்த கோடு ஒன்று. அப்படியானால் பழைய 0.36 கட்டாயம் தவறு. மேல் வரம்பு போடுவதில் ஒரு சிக்கல் இருந்தது. ஏறத்தாழ 0.47க்கு அப்பால் அந்த ஹைட்ரஜன் கோடு கருவியின் பார்வை எல்லையைத் தாண்டிவிடும். ஆகவே ஹைட்ரஜனின் இன்னொரு கோட்டைத் தேடினார்கள். அது தொலைவில் எங்கும் இல்லை என்பதை வைத்து, புள்ளியியல் முறையில் 0.58 என்று மேல் வரம்பு கட்டினார்கள். ஒற்றை எண்ணாகச் சொல்லாமல் 0.43க்கும் 0.58க்கும் இடையே என்று வெளியிட்டார்கள். எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். 2012இல் பிளேசர் காமா கதிரில் கொந்தளித்தபோது ஹெஸ் குழு எடுத்த தரவும் 0.49ஐ ஒட்டிய மதிப்பைத் தந்தது, அதில் 0.04 கூடலாம், குறையலாம்.

இறுதியில், பிளேசரை விட்டுவிட்டு அதன் அக்கம்பக்கத்தில் தேடினார்கள். இத்தகைய பொருள்கள் பெரும்பாலும் கேலக்ஸிக் கூட்டங்களுக்குள் இருப்பவை. சுற்றியுள்ள மங்கலான கேலக்ஸிகளை ஒவ்வொன்றாக நிறமாலை எடுத்தபோது 0.433இல் ஒரு கூட்டம் அகப்பட்டது. 2022இல் ஹைட்ரஜன் கோடுகள் முடியும் விளிம்பை இன்னும் நுட்பமாக ஆராய்ந்த முறையும் அதனோடு ஒத்துப்போனது. இப்போது நாம் காணும் ஒளி புறப்பட்டு ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகள் ஆகின்றன. நம் சூரியக் குடும்பம் உருவான காலமும் அதை ஒட்டியதுதான்.

இந்த ஓர் எண்ணால் என்னென்ன மாறுகிறது என்று பாருங்கள். பிளேசர் 0.36இல் இருப்பதாகக் கொண்டால் கிடைக்கும் உண்மையான ஒளிர்வைவிட, 0.74இல் இருப்பதாகக் கொண்டால் கிடைப்பது ஐந்து மடங்குக்கும் அதிகம். இதன் காமா ஒளி சுமார் 2.2 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏறி இறங்குவதை ஃபெர்மி செயற்கைக்கோள் கண்டிருக்கிறது. ஒன்றையொன்று சுற்றும் இரு கருந்துளைகள் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். பிரபஞ்ச விரிவு காலத்தையும் நீட்டிக் காட்டுவதால், பிளேசர் இருக்கும் இடத்தில் அந்தச் சுழற்சி ஒன்றரை ஆண்டுதான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விளைவு வேறு. பிரபஞ்சத்திலுள்ள சாதாரணப் பொருளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கணக்கில் வராமல் இருந்தது. அது கேலக்ஸிகளுக்கு இடையிலுள்ள வெப்ப வாயுவில் ஒளிந்திருக்கிறது என்பதைக் காட்ட, எக்ஸ்எம்எம்-நியூட்டன் செயற்கைக்கோள் இதே பிளேசரை 2015 முதல் 2017 வரை மொத்தம் 18 நாட்கள் உற்றுநோக்கியது. வழியில் ஆக்சிஜனின் இரண்டு தடயங்கள் கிடைத்தன என்று 2018இல் ‘நேச்சர்’ இதழில் கட்டுரை வந்தது. அவற்றில் ஒன்று 0.434இல் இருந்தது. பிளேசரே 0.433இல் இருக்குமானால், அந்த வாயு நெடுவழியில் கிடந்ததாக இல்லாமல் பிளேசரின் சொந்தச் சூழலைச் சேர்ந்ததாகவே இருக்கக்கூடும். அதைக் காணாமற்போன பொருளின் கணக்கில் சேர்க்க முடியாது என்று மறு ஆண்டே மறுப்பு எழுந்தது.

ஃபெர்மி கண்டறிந்த இவ்வகைப் பிளேசர்களில் ஏராளமானவற்றுக்கு இன்றும் தூரம் தெரியாது. லடாக்கின் ஹான்லேயில் 21 மீட்டர் விட்டமுள்ள மேஸ் காமா தொலைநோக்கி 2024 அக்டோபரில் திறக்கப்பட்டது. அது காணும் பிளேசர்களின் தூரத்தை நாமே அளக்க, நிறமாலை எடுக்கும் பெரிய ஒளியியல் தொலைநோக்கி வேண்டும். இப்போது நம்மிடம் இருப்பதில் பெரியது தேவஸ்தலில் உள்ள 3.6 மீட்டர் தொலைநோக்கி. இத்தகைய மங்கிய கோடுகளைப் பிடிக்க அந்த விட்டம் போதாது. அடுத்ததை இந்திய மண்ணில் கட்டுவதில் இனியும் தாமதம் கூடாது.