கொம்பிரசர் ஏன் அடிக்கடி நின்று நின்று இயங்குகிறது?



ஆவியாதல், ஒடுங்கல், மறைவெப்பம், அமுக்கம் என்பவற்றை விஞ்ஞானப் பாடத்தில் தனித்தனி அலகுகளாகக் கற்றிருப்பீர்கள். இவை நான்கும் ஒரே இடத்தில் தொழிற்படுவதைக் காண ஒரு காரின் பொனற்றைத் திறந்தாலே போதும்.

ஏசி போட்டவுடன் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். மின்காந்தக் கிளச் பற்றிக்கொண்டு, எஞ்சின் பட்டி கொம்பிரசரைச் சுழற்றத் தொடங்கும் சத்தம் அது. குளிரான நாளில் இது இடைக்கிடை நின்று இயங்குவது வழமையே. ஆனால் கடும் வெயிலிலும் சில செக்கன்களுக்கு ஒருமுறை 'டக், டக்' எனக் கேட்டால் அது பழுதின் அறிகுறியாகும்.

1. தொழிற்பாடு

கொம்பிரசர் குளிராக்கி வாயுவை அமுக்கி உயர் அமுக்கத்துக்கு உட்படுத்தும். முன்புறமுள்ள ஒடுக்கியில் அது வெப்பத்தை இழந்து திரவமாகும். பின்னர் ஒடுங்கிய துவாரத்தினூடாகச் சென்று, அமுக்கம் குறைந்து, ஆவியாக்கியில் கொதிக்கும். அதற்கான மறைவெப்பத்தை வாகனத்தின் உள்வளியிலிருந்து பெறுவதாலேயே நமக்குக் குளிர் கிடைக்கிறது. ஆர்-134ஏ எனும் குளிராக்கியின் கொதிநிலை, வளிமண்டல அமுக்கத்தில் ஏறத்தாழ −26 பாகை செல்சியஸ் ஆகும்.

2. ஆளியின் வேலை

நிலையான துவாரக் குழாய் கொண்ட தொகுதியை உதாரணமாக எடுப்போம். இதன் தாழ் அமுக்கப் பக்கத்தில் ஓர் அமுக்க ஆளி உண்டு. மானி அமுக்கம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 25 இறாத்தலுக்குக் குறைந்தால் அது கிளச்சுக்கான மின்சுற்றைத் துண்டிக்கும். ஏறத்தாழ 45 இறாத்தலுக்கு உயர்ந்தால் மீண்டும் இணைக்கும். 25 இறாத்தலில் ஆர்-134ஏ கொதிக்கும் வெப்பநிலை 0 பாகைக்குச் சற்றுக் கீழே உள்ளது. ஆகவே ஆவியாக்கியில் பனிக்கட்டி படியாமல் காப்பதே இவ்வாளியின் நோக்கம் என்பதை விளங்கிக்கொள்ளுங்கள்.

3. காரணங்களும் அடையாளங்களும்

(அ) குளிராக்கி குறைதல்: ஆவியாக்கியில் திரவம் போதாததால், ஆவி உண்டாகும் வேகத்தை விடக் கொம்பிரசர் அதை விரைவாக உறிஞ்சும். அமுக்கம் சடுதியாக வீழ, ஆளி துண்டிக்கும். கொம்பிரசர் நின்றதும் எஞ்சிய திரவம் கொதித்து அமுக்கம் உயர, ஆளி மீண்டும் இணைக்கும். கொம்பிரசர் இயங்கும்போது இரு பக்க மானிகளும் குறைவாகக் காட்டும்.

(ஆ) ஒடுக்கி வெப்பத்தை இழக்காமை: விசிறி பழுதடைதல், தூசி அடைத்தல், காஸ் கூடுதலாக ஏற்றப்படல் என்பவற்றால் உயர் அமுக்க ஆளி துண்டிக்கும்.

(இ) ஆவியாக்கிக்கு வளி போதாமை: வளி வடிகட்டி அடைபட்டிருக்கும். காற்று வரும் துவாரங்களில் வேகம் குறைவாக இருக்கும்.

(ஈ) மின்பழுது: தளர்ந்த இணைப்பு, பழுதான ரிலே முதலியன. அமுக்கங்கள் சரியாக இருக்கும்போதே கிளச் விடுபடும்.

4. கவனிக்க

'காஸ் குறைவு, காஸ் அடிக்க வேண்டும்' என்பது அரைவாசி விடை மட்டுமே. மூடிய தொகுதியில் காஸ் எங்கே போனது? கசிவைத் தேடாமல் காஸ் அடித்தால் அதுவும் வெளியேறும். வீட்டுக்காரர் மீண்டும் பணம் கட்டுவார். கொம்பிரசருக்கான எண்ணெய் குளிராக்கியுடனேயே சுற்றுவதால், காஸ் குறைந்த நிலையில் தொடர்ந்து ஓட்டினால் கொம்பிரசரே இறுகிப்போகலாம். மேலும் ஆர்-134ஏ ஓசோன் படையை அழிக்காவிடினும், 100 ஆண்டுக் கணிப்பில் காபனீரொட்சைட்டை விட ஏறத்தாழ 1400 மடங்கு பூகோளத்தை வெப்பமாக்க வல்லது. ஆகவே எண்ணெய்க் கறை உள்ள மூட்டுகளைச் சோதித்து, கசிவை அடைத்து, வெற்றிடமாக்கி, பொனற்றின் கீழுள்ள அட்டையில் குறித்த நிறையளவு காஸ் ஏற்றுவதே சரியான ஒழுங்கு. இதைப் பயிற்சி பெற்றவரே செய்ய வேண்டும். ஹைபிரிட் கார்களின் செம்மஞ்சள் நிற வடங்களை ஒருபோதும் தொடாதீர்கள். அவற்றில் உயர் வோல்ட்டளவு உண்டு.

5. பயிற்சி வினா

ஒரு காரின் கொம்பிரசர், சந்தியில் நிற்கும்போது மட்டும் அடிக்கடி துண்டிக்கப்படுகிறது. ஓடும்போது சீராக இயங்குகிறது. காரணம் தருக.

விடை: ஓடும்போது எதிர்க்காற்று ஒடுக்கியைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது விசிறி அதைச் செய்ய வேண்டும். அது இயங்காததால் வெப்பம் வெளியேறாது அமுக்கம் உயர, உயர் அமுக்க ஆளி சுற்றைத் துண்டிக்கிறது.

விடையில் 'ஆகையால்' என ஒவ்வொரு படியையும் அடுத்ததோடு தொடுத்து எழுதிப் பாருங்கள். தொடர் எங்கே அறுகிறதோ, அங்கேதான் நீங்கள் இன்னும் படிக்க வேண்டியது இருக்கிறது.