தகப்பனின் அரை உண்மை, மகனின் முழுப் பொய்



கோலார் தங்கவயல் என்றவுடன் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது 2018இலும் 2022இலும் வெளியான இரு திரைப்படங்களே. திரையரங்குக்குச் செல்லும் வழக்கம் நம்மில் அநேகருக்கு இல்லை. ஆயினும் அவற்றின் பெயர் நம் செவிகளுக்கு எட்டாமலில்லை. அக்கதையில் 1951ஆம் ஆண்டில்தான் தங்கம் கண்டறியப்படுகிறது. கொடியவர் சிலர் அடிமைகளைக் கொண்டு மறைவாகச் சுரங்கம் நடத்துகின்றனர். மெய்யான வரலாறு வேறு. லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் நிறுவனம் 1880இல் இங்கு வந்தது. சிவசமுத்திரத்திலிருந்து 1902இல் மின்சாரம் வந்தது. 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களைத் தன் வசமாக்கிற்று. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. இந்த நெடுங்காலமெல்லாம் பூமியின் ஆழத்தில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் அன்றைய வட ஆற்காடு முதலிய பகுதிகளிலிருந்து பிழைப்பு நாடி வந்த நம் தமிழ் மக்களே.

"அப்படியானால் அந்தப் படம் பொய் சொல்லுகிறதல்லவா, பாஸ்டர்?" என்று வாலிபர் சிலர் கேட்கின்றனர். நல்ல கேள்வி. அதற்கு விடை தேடும்போது நம் சொந்த நாவையும் சோதித்துப் பார்க்க நேரிடுகிறது.

கதை வேறு, பொய் வேறு

நாத்தான் தீர்க்கதரிசி தாவீது ராஜாவிடம் ஓர் ஏழையையும் அவனுடைய ஒரே ஆட்டுக்குட்டியையும் பற்றிச் சொன்னார் (2 சாமு. 12). அப்படியொரு ஏழை அவ்வூரில் இருந்ததில்லை. ஆனாலும் அது பொய்யன்று. ராஜா மறைத்துவைத்திருந்த உண்மையை வெளியே கொண்டுவந்த கதை. நம் ஆண்டவரும் உவமைகளால் பேசினார். கதை தன்னைக் கதையென்று காட்டிக்கொண்டே வருகிறது. பொய்யோ உண்மையின் உடையை உடுத்திக்கொண்டு, கேட்பவனை ஏமாற்றும் நோக்கத்தோடு வருகிறது. ஆகவே திரைக்கதையை வரலாறென்று எண்ணாமலிருப்பது நம் பொறுப்பு. தாத்தாவும் பாட்டியும் பட்ட பாட்டைப் பிள்ளைகளுக்கு உள்ளபடி சொல்லுவதும் நம் கடமையே.

அந்நிய ஊரில் ஆபிரகாம்

வேதாகமத்தில் பிழைப்புக்காக இடம்பெயர்ந்தவர்களின் தகப்பன் ஆபிரகாம். அவர் கேராரில் தங்கியபோது சாராளைத் தம் சகோதரி என்றார் (ஆதி. 20). அது முழுப் பொய்யன்று. சாராள் அவருக்கு ஒரே தகப்பனின் மகள். தாய் மட்டுமே வேறு. ஆனால் அவள் தம் மனைவி என்பதை அவர் மறைத்தார். இந்த ஊரில் தெய்வபயம் இராது, மனைவியின் நிமித்தம் என்னைக் கொன்றுபோடுவார்கள் என்ற அச்சமே காரணம்.

இன்னொன்றைக் கவனியுங்கள். இது அன்று திடீரென்று வாயில் வந்த சொல்லன்று. தகப்பன் வீட்டை விட்டுப் புறப்பட்ட நாளிலேயே, செல்லும் இடமெங்கும் இப்படியே சொல்லவேண்டும் என்று அவர் மனைவியிடம் கேட்டுக்கொண்டிருந்தார் (வச. 13). பெட்டி படுக்கையோடு அந்தப் பொய்யும் அவருடன் பயணம் செய்தது.

விசுவாசத்தின் தகப்பனை இறுதியில் கண்டித்தவர் யார்? தெய்வபயம் இல்லாதவர் என்று எண்ணப்பட்ட அபிமெலேக்கு ராஜாவே!

தங்கவயலின் பிள்ளைகள்

சுரங்கம் மூடப்பட்டபின் நம் பிள்ளைகள் அநேகர் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். சிலர் அங்கேயே குடியேறிவிட்டனர். அங்கே எத்தனையோ கேள்விகள் அவர்களை எதிர்கொள்ளுகின்றன. எந்த ஊர்? தகப்பனார் என்ன வேலை செய்தார்? எந்தச் சாதி? வீட்டில் எத்தனை பேர்? எத்தனை ஆண்டு அனுபவம்?

இக்கேள்விகளுக்குப் பின்னால் ஒரு பழைய காயமும் உண்டு. சுரங்கத்திலிருந்து வெளியே வந்த தொழிலாளியைச் சோதித்தே அனுப்பினார்கள். 1930இல் தொழிலாளரின் கைரேகையைப் பதிவுசெய்யும் ஏற்பாட்டை எதிர்த்துத் தங்கவயலில் பெரும் வேலைநிறுத்தம் எழுந்தது. தங்கத்தை வெட்டியெடுத்தவனையே திருடன் என்று சந்தேகித்த காலம் அது. அப்படிச் சந்தேகிக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அந்நிய நகரத்தில் ஊரையும் குடும்பத்தையும் மறைக்க முற்படுவதன் வேதனையை நாம் அறிவோம்.

ஆயினும், பிரியமானவர்களே, மௌனம் ஒன்று, பொய் மற்றொன்று. பெத்லகேமுக்குப் போக சாமுவேல் அஞ்சியபோது, பலியிட வந்தேன் என்று சொல்லும்படி கர்த்தரே கூறினார் (1 சாமு. 16:2). பலியும் மெய்யாகவே செலுத்தப்பட்டது. கேட்பவருக்கெல்லாம் எல்லாவற்றையும் திறந்துரைக்கும் கடமை நமக்கில்லை. வாடகை வீட்டுக்குச் சாதி கேட்பவரிடம், "அதைச் சொல்ல விருப்பமில்லை, ஐயா" என்று மரியாதையுடன் மறுக்கலாம். அந்தக் கேள்வியின் பாவம் கேட்பவரைச் சேரும். இல்லாத சாதியையோ, பெறாத அனுபவச் சான்றிதழையோ காட்டினால் அந்தப் பாரம் நம்மேல் ஏறும்.

எபிரெய மருத்துவச்சிகள் பார்வோனிடம் உண்மையை மறைத்தார்களே என்று சிலர் கேட்கலாம் (யாத். 1). அவர்கள் குழந்தைகளைக் கொலைகாரனிடமிருந்து காத்தார்கள்; தங்கள் ஆதாயத்தைத் தேடவில்லை. உயிர் காக்கும் இக்கட்டையும் சம்பளம் கூட்டும் தந்திரத்தையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது.

மகன் கற்ற பாடம்

கேராரின் கதை ஆபிரகாமோடு முடியவில்லை. ஆண்டுகள் பல சென்றபின், அதே கேராரில், அதே அச்சத்தினால், ஈசாக்கும் தன் மனைவியைச் சகோதரி என்றான் (ஆதி. 26:7). ஆனால் ரெபெக்காள் ஈசாக்குக்குச் சகோதரியே அல்ல! தகப்பனின் வாயில் அரை உண்மையாயிருந்தது மகனின் வாயில் முழுப் பொய்யாயிற்று. பேரன் யாக்கோபோ வெள்ளாட்டுக் குட்டிகளின் தோலைப் போர்த்திக்கொண்டு, அண்ணனின் வஸ்திரத்தை உடுத்திக்கொண்டு, பார்வையற்ற தகப்பனையே வஞ்சித்தான். பின்னொரு நாள் அவனுடைய குமாரரும் வெள்ளாட்டுக்கடாவின் இரத்தத்தில் தோய்த்த தம்பியின் அங்கியைக் காட்டி அவனை வஞ்சித்தார்கள். நான்கு தலைமுறைகள்!

தேவபிள்ளையே, கடன்காரர் கதவைத் தட்டும்போது, "அப்பா வீட்டில் இல்லையென்று சொல்" என்று குழந்தையை அனுப்புகிறாயா? பங்காரப்பேட்டையைத் தாண்டாத ரயிலில் அமர்ந்துகொண்டு, "கிருஷ்ணராஜபுரம் வந்துவிட்டேன்" என்று கைப்பேசியில் சொல்லுகிறாயா? அருகில் அமர்ந்திருக்கும் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது. நீ விளையாட்டாகச் சொன்னதை அது வினையாகச் செய்யும். நாளை உன்னிடமே செய்யும்.

ஆராதனையிலும் எச்சரிக்கை தேவை. காய்ச்சல் நீங்கியதற்கு நன்றி சொல்ல எழுந்தவர், கைதட்டலைக் கண்டு, மருத்துவர்கள் கைவிட்டார்கள் என்று கூட்டிச் சொல்லுவதுண்டு. கர்த்தருடைய மகிமைக்கு நம் மிகை தேவையில்லை. அனனியாவும் சப்பீராளும் காணிக்கை குறைந்ததற்காக அல்ல, குறைவை நிறைவென்று காட்டியதற்காகவே விழுந்தார்கள் (அப். 5).

மூசையில் நிற்கும் சொல்

தங்கவயல் மக்களுக்குப் புடமிடுதலை விளக்கவேண்டியதில்லை. பொன்னைப்போல் மின்னும் இரும்புக் கந்தகக் கல்லும் பாறையில் உண்டு. சுத்தியால் அடித்தால் அது நொறுங்கும், பொன்னோ தகடாகும். பொன்னின் அளவை அறிய, பொடித்த பாறையை ஈயச் சேர்மத்தோடு மூசையிலிட்டு உருக்குவார்கள். பின்னர் எலும்புச் சாம்பலால் செய்த சிறு கிண்ணத்தில் வைத்துச் சூடேற்றினால் ஈயத்தைச் சாம்பல் உறிஞ்சிக்கொள்ளும். ஒரு கூடைப் பாறைக்கு மிஞ்சுவது கடுகளவும் இராது. ஆனால் மிஞ்சியது அக்கினியில் நின்றது, அதைத்தான் நிறுப்பார்கள்.

நம் பேச்சும் அப்படியே குறையட்டும். சொல்லுவது கொஞ்சமாயிருந்தாலும் அக்கினியில் நிற்கட்டும். இந்த வாரம் குடும்ப ஜெபத்தில் பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து, வீட்டில் வழக்கமாகிவிட்ட ஒரு பொய்யைப் பெயர் சொல்லி விட்டுவிடுங்கள். ஈசாக்கின் வீட்டுக்கு வந்தது நம் வீட்டுக்கு வரவேண்டியதில்லை. சத்திய ஆவியானவர் தாமே உங்கள் நாவைக் காத்து, உங்கள் சந்ததியை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.