பதினேழு கார்பன் சொல்லும் சாட்சி

2016 செப்டம்பரில் இங்கிலாந்தில் புது 5 பவுண்டு நோட்டு ஒன்று வெளிவந்தது. நம் ரூபாய் நோட்டைப் பருத்தி நாரில் செய்கிறார்கள். அந்த நோட்டோ முழுக்கப் பிளாஸ்டிக். பாலிபுரொப்பிலீன் என்ற வகை. மழையில் நனைந்தால் துடைத்துப் பையில் போட்டுக்கொள்ளலாம்; சட்டென்று கிழியாது.

நவம்பர் கடைசியில் ஒருவர் ட்விட்டரில் பேங்க் ஆஃப் இங்கிலாந்தைக் கேட்டார்: "இந்த நோட்டில் மாட்டுக்கொழுப்பு இருக்கிறதா?" வங்கி மறைக்காமல் பதில் சொன்னது: நோட்டுக்கான பிளாஸ்டிக் குருணையில் கொழுப்பு மிகச் சிறிதளவு இருக்கிறது.

நாடே பரபரப்பானது. இந்துக்கள், சமணர்கள், பால்கூடத் தொடாத முழுச் சைவர்கள் என்று பலருக்கும் மனசு கஷ்டம். நோட்டை மாற்றச் சொல்லி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். கேம்பிரிட்ஜில் ஒரு சைவ உணவகம் அந்த நோட்டை வாங்க மறுத்தது. ஒப்பந்தம் போட்டபோது இந்த விஷயம் தங்களுக்கே தெரியாது என்றது வங்கி. ஒரு நாட்டின் மத்திய வங்கிக்கே தெரியாமல் அதன் நோட்டுக்குள் கொழுப்பு எப்படிப் போனது?

பிளாஸ்டிக் தனியாக வேலைக்கு ஆகாது நண்பர்களே. சாயம், வெயிலில் நொறுங்காமல் காக்கும் பொருள், சூட்டில் கெடாமல் காக்கும் பொருள் என்று பலவற்றைச் சிறிது சிறிதாகச் சேர்க்கிறார்கள். இவற்றுக்குச் சேர்மானப் பொருள்கள் என்று பெயர். அவற்றில் ஒரு பெரிய குடும்பம் ஸ்டியரிக் அமிலத்திலிருந்து வருகிறது. உருகிய பிளாஸ்டிக் அச்சில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு வர இந்தக் குடும்பம் உதவும். பாலிபுரொப்பிலீன் தயாரிக்கும்போது மிஞ்சும் அமிலத்தை அடக்கவும் உதவும். ஸ்டியரிக் அமிலம் கொழுப்பிலிருந்தோ எண்ணெயிலிருந்தோ கிடைப்பது. மாட்டுக்கொழுப்பும் உண்டு, பாமாயிலும் உண்டு. நோட்டுக்கான பிளாஸ்டிக் தாளை வங்கி ஒருவரிடம் வாங்கியது. தாள் செய்தவர் குருணையை இன்னொருவரிடம் வாங்கினார். குருணை செய்தவர் சேர்மானத்தை வேறொருவரிடம் வாங்கினார். கொழுப்பு அந்தக் கடைசிக் கோடியில் இருந்தது.

இப்போது உங்கள் கையில் ஒரு மூட்டை வெள்ளைச் செதில் இருக்கிறது என்று வையுங்கள். சீட்டில் "ஸ்டியரிக் அமிலம்" என்று எழுதியிருக்கிறது. நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. இது சுத்தமா? இது எங்கிருந்து வந்தது?

முதல் கேள்வி சுலபம். ஒரு சிட்டிகையைப் பொடித்து, ஊசி மாதிரி மெல்லிய கண்ணாடிக் குழாயில் அடைத்து, வெப்பமானியோடு சேர்த்து மெதுவாகச் சூடாக்குவார்கள். சுத்தமான ஸ்டியரிக் அமிலம் 69 டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்தில் சட்டென்று உருகிக் கண்ணாடிபோல் தெளியும். கலப்பு இருந்தால் முன்பே இளகத் தொடங்கிவிடும். உண்மையில் கடைச்சரக்காக வரும் "ஸ்டியரிக் அமிலம்" பலவற்றில் ஏறக்குறையப் பாதி பால்மிடிக் அமிலம் என்ற இன்னொரு கொழுப்பு அமிலம்தான். அந்தக் கலவை 55 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும். இதைக் கலப்படம் என்று சொல்ல மாட்டார்கள், அந்தத் தொழிலின் வழக்கம் அது. ஆனால் வாங்குகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது கேள்விதான் கஷ்டம். ஸ்டியரிக் அமிலத்தின் ஒரு மூலக்கூறில் 18 கார்பன், 36 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன் அணுக்கள். மாட்டிலிருந்து வந்தாலும் எண்ணெய்ப்பனையிலிருந்து வந்தாலும் அதே 18, அதே 36, அதே 2. அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சினாலும் இரண்டும் ஒரே கோட்டைத்தான் வரையும். மூலக்கூறில் பிறந்த ஊர் எழுதியிருக்காது.

அப்படியானால் எப்படிக் கண்டுபிடிப்பது? அதோடு ஒட்டிக்கொண்டு வந்த அழுக்கைப் பார்க்க வேண்டும். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். நீங்களே கூட்டிப் பார்க்கலாம்.

செடியோ விலங்கோ, தன் உடம்பில் கொழுப்பு அமிலத்தைக் கட்டும்போது 2 கார்பன் துண்டில் தொடங்கி, இரண்டிரண்டாகச் சேர்த்துக்கொண்டே போகும். 2-உடன் ஏழு முறை 2 சேர்த்தால் 16. அது பால்மிடிக் அமிலம். எட்டு முறை சேர்த்தால் 18. அது ஸ்டியரிக் அமிலம். பாமாயிலில் இருப்பவை அநேகமாக எல்லாம் இரட்டைப்படைதான்.

மாட்டின் கதை வேறு. மாடு அசைபோடும் விலங்கு. அதன் பெரிய இரைப்பைக்குள் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் குடியிருந்து புல்லைச் செரிக்கின்றன. அங்கே 3 கார்பன் கொண்ட புரோப்பியானிக் அமிலம் நிறைய உண்டாகிறது. சில கொழுப்பு அமிலங்களை அந்த 3-லிருந்தே பாக்டீரியா கட்டத் தொடங்கும். 3-உடன் ஏழு முறை 2 சேர்த்துப் பாருங்கள். 17! ஒற்றைப்படை. மாட்டுக்கொழுப்பில் இந்த 17 கார்பன் அமிலம் நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் இருக்கும். பாமாயிலில் அதில் பத்தில் ஒரு பங்கும் இருந்தால் அதிகம்.

அந்த ஒரு பங்கைப் பிடிப்பது வாயு வண்ணப்பிரிகைக் கருவி. அமிலத்தை முதலில் எளிதில் ஆவியாகும் பொருளாக மாற்றி, தலைமுடிபோல் மெல்லிய துளையுள்ள 30 மீட்டர் நீளக் குழாய்க்குள் அனுப்புவார்கள். சுருட்டி வைத்த அந்தக் குழாய்க்குள் ஒரு ஓட்டப்பந்தயமே நடக்கும். சிறியவை முந்தும், பெரியவை பிந்தும். திரையில் முதலில் 16-இன் உயரமான சிகரம். பிறகு 18-இன் சிகரம். இரண்டுக்கும் நடுவே குட்டியாக ஒன்று எழுந்தால், அதுதான் 17. அது நன்றாகத் தெரிந்தால், அசைபோடும் விலங்கின் கொழுப்பு இதில் இருக்கிறது என்று ஆய்வாளர் சந்தேகப்படலாம்.

கார்பன்-14 சோதனை என்று ஒன்றும் உண்டு. உயிரினங்களின் உடலில் இருக்கும் கார்பன்-14-இல் பாதி 5,730 ஆண்டுகளில் சிதைந்துவிடும். பல கோடி ஆண்டு மண்ணுக்குள் கிடந்த பெட்ரோலியத்தில் அது துளிகூட இருக்காது. சேர்மானம் உயிரினத்திலிருந்து வந்ததா பெட்ரோலியத்திலிருந்து வந்ததா என்று அது சொல்லிவிடும். ஆனால் மாடா பனையா என்று கேட்டால் அதற்குச் சொல்லத் தெரியாது. இரண்டும் நேற்று வரை உயிரோடு இருந்தவை அல்லவா!

பவுண்டு நோட்டுக்கு வருவோம். அதில் இருந்த கொழுப்பு 0.05 சதவீதத்துக்கும் குறைவு. ஒரு கிலோ நோட்டில் 0.5 கிராம்கூட இல்லை. அதில் 17 கார்பன் அமிலம் நூற்றில் ஒரு பங்கு என்றால், ஐந்து மில்லிகிராம்கூடத் தேறாது. முடிந்த நோட்டைச் சோதித்து மூலத்தைக் கண்டுபிடிப்பது எவ்வளவு சிரமம் என்று யோசியுங்கள். சேர்மானம் மூட்டையாக இருக்கும்போதே சோதிக்க வேண்டும். அதுவும் போதாது. நன்றாகக் காய்ச்சி வடித்துச் சுத்தமாக்கினால் அந்த 17-உம் போய்விடும்; பொருள் சுத்தமாக ஆக, சாட்சியும் மறைகிறது. அப்போது மிஞ்சுவது காகிதம்தான்: எந்த ஆலை, எந்தக் கொழுப்பு, எந்த பேட்ச் எண் என்று ஒவ்வொரு கையும் அடுத்த கைக்கு எழுதிக் கொடுக்கும் சான்று. அந்தச் சங்கிலியில் ஒருவர் கேட்க மறந்தால் அவருக்கு அப்பால் இருக்கிற எல்லோருக்கும் இருட்டுதான்.

வங்கி பிறகு மக்களிடம் கருத்துக் கேட்டது. பதில் எழுதிய 3,554 பேரில் 88 சதவீதம் பேர் விலங்குக் கொழுப்பு வேண்டாம் என்றார்கள். பாமாயிலுக்காகக் காடு அழிவதைச் சொல்லி அதையும் பலர் எதிர்த்தார்கள். மாற்றினால் பத்து ஆண்டுகளில் 1 கோடியே 65 லட்சம் பவுண்டு கூடுதல் செலவாகும் என்று கணக்குப் போட்ட வங்கி, 2017 ஆகஸ்டில் பழையபடியே தொடர முடிவு செய்தது. முடிவு எதுவானாலும், கேட்டவர்கள் கேட்டது சரி. தான் தினமும் தொடும் பொருளில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை எல்லோருக்கும் உண்டு.

அடுத்த முறை பள்ளி ஆய்வகத்துக்குப் போகும்போது ஏதாவது ஒரு வேதிப்பொருள் பாட்டிலின் சீட்டைப் படித்துப் பாருங்கள். எத்தனை சதவீதம் சுத்தம் என்று அதில் இருக்கும். எதிலிருந்து செய்தது என்று இருக்கிறதா? இல்லாவிட்டால் உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள்.