இடுக்கிவால் பூச்சியும் அதன் பெயரும்

நிலக்கடலைச் செடியைப் பிடுங்கும்போது, வால் நுனியிலுள்ள இடுக்கியை உயர்த்திக்கொண்டு மண்ணிலிருந்து ஓடும் பூச்சியை விவசாய அங்கத்தினர்கள் கண்டிருக்கக்கூடும். கண்ட மாத்திரத்தில் மிதித்துவிடுவோரும் உண்டு. அதற்கு முன் அதன் பெயரை விசாரிப்பது நலம். இக்கூட்டத்தில் குற்றவாளியும் உண்டு. நமக்கு ஊழியம் செய்வதும் உண்டு.

ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758ஆம் ஆண்டில் ஐரோப்பிய இனம் ஒன்றுக்கு 'பார்பிகுலா ஆரிகுலேரியா' என்று பெயரிட்டார். முற்சொல் சிறு கத்தரிக்கோலைக் குறிக்கும். பிற்சொல் காதைச் சார்ந்தது. உறங்குவோரின் காதில் இது புகுந்துவிடும் என்று ஐரோப்பிய மக்கள் நெடுங்காலம் நம்பினர். அது வீண்பழி. ஆயினும் பொருள் பொருந்தவில்லை என்பதற்காக ஒரு பெயரை நீக்கப் பெயரிடும் விதிகள் இடங்கொடுப்பதில்லை. பழி பெயரிலேயே தங்கிவிட்டது.

லின்னேயஸ் இதை வண்டுகளோடு சேர்த்திருந்தார். 'தோலிறகு' எனப் பொருள்படும் 'டெர்மாப்டெரா' என்னும் வரிசைப் பெயரை 1773இல் வழங்கியவர் அந்நாட்டவரான டி கீர். முன்னிறகுகள் குட்டையாய்த் தோல்போல் தடித்திருக்கும். அவற்றின் கீழ் மெல்லிய பின்னிறகு விசிறிபோல் மடிந்து கிடக்கும். விரித்தால் ஏறக்குறைய பத்து மடங்கு பரப்பாகும். புடவை மடிப்பதில் கைதேர்ந்த நம் நெசவாளரும் இதைக் கண்டு வியப்பர். சில இனங்களுக்கோ இறகே இல்லை. இவ்வரிசையில் சுமார் 2,000 இனங்கள் அறியப்பட்டுள்ளன. இந்தியப் பகுதியின் இனங்களைப் பற்றி மால்கம் பர் 1910இல் தனி நூல் எழுதினார்.

ஒரு பூச்சிக்கு இரு சொற்பெயர் எதற்கு? சங்கப் பேரேட்டைப் புரட்டியவர்க்கு இது எளிதில் விளங்கும். தகப்பனார் பெயரின்றி 'முருகேசன்' என்று மட்டும் எழுதியதால், ஒருவர் கட்டிய தவணை மற்றொருவர் கணக்கில் ஏறியிருந்ததை நானே தணிக்கையில் கண்டிருக்கிறேன். பூச்சிகளிலும் இத்தகைய தவறு நேரும்.

நிலக்கடலையின் இளங்காய்களைத் துளைப்பது 'அனிசோலாபிஸ் ஸ்தாலி'. சில நூல்கள் இதை 'யூபொரெல்லியா ஸ்தாலி' என்கின்றன. பேரினம் மாறினும் பின்னுள்ள இனப்பெயர் தொடர்வதால் இரண்டும் ஒன்றே என்பதை அறியலாம். உடல் கரும்பழுப்பு அல்லது கருமை. கால் மூட்டுகள் வெண்மை. துளைத்த காயில் மணலும் எச்சமும் அடைத்திருக்கும்.

'லாபிடூரா ரிபேரியா' வேறு. அது மணற்பாங்கான நிலத்தில் வாழ்வது; வைக்கோல் நிறமோ வெளிர்பழுப்போ கொண்டது; உருவில் பெரியது. பயிரை அழிக்கும் புழுக்களைப் பிடித்துத் தின்னும். தாய்ப்பூச்சி முட்டைகளை விட்டகலாது காக்கும். இதைக் கொல்வது புழுவுக்குச் செய்யும் உபகாரம்.

ஐயம் எழுந்தால் நாலைந்து பூச்சிகளையும், துளைபட்ட காய் இரண்டையும் சிறு புட்டியிலிட்டு, வேளாண்மை விரிவாக்க மையத்தில் காட்டிக் கேட்கலாம். மருந்து வாங்குவது அதற்குப் பின் இருக்கட்டும்.