வெறும் வயிறு என்றால் மாத்திரையும் கூடாதா?

சென்ற ஆடி மாதம் என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். வயது 71. ஆறு வருடத்துக்கு முன் ஒருமுறை மாரடைப்பு வந்தவர். அதிலிருந்து காலையும் இரவும் மாத்திரை உண்டு. வேளாவேளைக்கு எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு.

ராத்திரி எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மறுநாள் காலையில் ஆபரேஷன், இனி வாயில் ஒன்றுமே கொடுக்கக்கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "ஒரு வாய் தண்ணி குடும்மா" என்று அத்தை கேட்டுக்கொண்டே இருந்தார். பஞ்சை நனைத்து உதட்டில் தடவினேனே தவிர கொடுக்கவில்லை. இரவு மாத்திரையும், மறுநாள் காலை மாத்திரையும் என் கைப்பையிலேயே தங்கிவிட்டன. சொன்னதை ஒழுங்காகக் கேட்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

காலையில் விபத்துக் கேஸ் ஒன்று வந்ததால் எங்கள் ஆபரேஷன் மத்தியானத்துக்குத் தள்ளிப்போனது. மூன்று மணி வாக்கில் அத்தை, "நெஞ்சு படபடன்னு அடிக்குதும்மா, என்னமோ பண்ணுது" என்றார். முகமெல்லாம் வியர்வை. நாடித்துடிப்பு 130. எனக்குக் கை கால் ஓடவில்லை.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "தினமும் என்ன மாத்திரை சாப்பிடறாங்க? கடைசியா எப்போ கொடுத்தீங்க?" டப்பாவை நீட்டினேன். எல்லாம் கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டி வைத்தவை. ஒன்றிலாவது முழுப்பெயர் இல்லை. "வெள்ளை ரெண்டு வேளை, ரோஸ் கலர் ராத்திரி மட்டும்" என்றேன். "கலரை வெச்சு நான் என்னம்மா செய்யறது?" என்றார். கோபித்திருந்தால்கூடப் பரவாயில்லை, அவர் அலுப்பாகக் கேட்டதுதான் எனக்கு அவமானமாகப் போய்விட்டது. வீட்டுக்குப் போன் செய்து, சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்த பழைய சீட்டை என் மகன் படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் விஷயம் நகர்ந்தது.

ஈ.சி.ஜி., ரத்தம் எல்லாம் பார்த்துவிட்டு டாக்டரம்மா விளக்கினார். அந்த வெள்ளை மாத்திரை மெட்டோபுரோலால். இதயம் வேகமாக ஓடாமல் பிடித்து வைப்பது. தினமும் சாப்பிடுபவர்களுக்கு அதைத் திடீரென்று நிறுத்தினால் அடக்கி வைத்த துடிப்பு திமிறிக்கொண்டு வருமாம். வலியும் பயமும் வேறு சேர்ந்துகொண்டது. வெறும் வயிறு என்பது சோறு, பால், காபிக்குத்தான், இந்த மாதிரி மாத்திரையை ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கலாம் என்றார். அவரே நின்று கொடுக்க வைத்தார்.

அதற்காக டப்பாவில் இருப்பதையெல்லாம் நாமே கொடுத்துவிடவும் கூடாது. அத்தையின் பிரஷர் மாத்திரை டெல்மிசார்டானை, மயக்கத்தில் ரத்த அழுத்தம் மிகவும் இறங்கிவிடும் என்று நிறுத்தினார். சர்க்கரைக்கான மெட்ஃபார்மினும் வேண்டாம் என்றார். கொழுப்பு மாத்திரை தொடரலாம். ஆஸ்பிரினை எலும்பு டாக்டரிடம் பேசித்தான் முடிவு செய்தார். நாம் கேட்க வேண்டியது, "எதைக் கொடுக்கட்டும், எதை நிறுத்தட்டும்?" என்ற ஒரே கேள்வி. அதை முதல் ராத்திரியே நர்ஸிடம் கேட்டிருக்கலாம். அவரும் என்னைக் கேட்டிருக்கலாம்தான்.

துடிப்பு அடங்கி, மறுநாள் காலையில் ஆபரேஷன் நடந்தது. வெளியே உட்கார்ந்திருந்தபோது நாத்தனார், "ஒரு மாத்திரை கொடுக்கக்கூடவா தெரியலை?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை. இது அத்தைக்கு எப்படியோ தெரிந்து, "அவ நர்ஸ் சொன்னதைத்தானேடி கேட்டா" என்று மகளை அடக்கினார்.

இப்போது மாத்திரைப் பெயர், அளவு, வேளை எல்லாவற்றையும் எழுதி ஒன்றைக் கைப்பையிலும், ஒன்றை ஃபிரிட்ஜ் கதவிலும் வைத்திருக்கிறேன். அட்டையை வெட்டுவதை விட்டுவிட்டேன். அத்தை வாக்கர் பிடித்து நடக்கிறார். மாத்திரையைக் கொடுத்தால், அட்டையைத் திருப்பிப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் விழுங்குகிறார்.

— ஒரு வாசகி, திருச்சி